இரட்டை வன்தட்டும் ஒற்றை நம்பிக்கையும்

கல்முனையிலும் அதனைச் சூழவுள்ள மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் இன்று கணினி இல்லாத நிறுவனத்தைக் காண்பது அரிது. பாடசாலை, பள்ளிவாசல் நிர்வாக சபை, கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், அச்சகம், நொத்தாரிசின் அலுவலகம் என எங்கு சென்றாலும் ஏதோ ஒரு மூலையில் சேர்வர் எனப்படும் பெட்டி இரைந்துகொண்டிருக்கும். “இதிலுள்ளவை அழிந்துபோனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. “அழியாது சேர். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் விழுகிறது.”

இந்தப் பதிலைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன். இது பொய்யான பதில் அன்று. ஆனால் எவரும் சோதித்துப் பார்க்காத பதில். சோதிக்கப்படாத பாதுகாப்பைப் பாதுகாப்பு என்று அழைப்பதைவிட நம்பிக்கை என்று அழைப்பதே பொருத்தம். ஓர் ஊரின் பிறப்பு, இறப்பு, காணி, கடன், பரீட்சைப் பெறுபேறு ஆகிய அனைத்தையும் வெறும் நம்பிக்கையின் மீது வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது எவ்வாறு?

தொழில்நுட்பம் அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஒரு சேர்வரில் இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதப்படும் ஒவ்வொரு தரவும் அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படுமாறு செய்வதே கண்ணாடிப் பிரதி முறை. ஆங்கிலத்தில் ‘மிரர்’ என்பர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரான்டி காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, மலிவான பல தட்டுகளைச் சேர்த்துப் பாதுகாப்பும் வேகமும் பெறும் வழிகளை வகைப்படுத்தி அவற்றுக்கு ‘ரெயிட்’ என்று பெயரிட்டது. அதற்கு முன்பே வழக்கிலிருந்த கண்ணாடி முறை, அந்த வரிசையில் முதலாம் படியாக இடம்பெற்றது. இன்று விண்டோஸ் சேர்வரிலும் லினக்ஸிலும் இவ்வசதி இயங்குதளத்துடனேயே வருகிறது. தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது தட்டின் விலை மட்டுமே செலவு. ஆகவேதான் எங்கள் சிற்றூர் அலுவலகங்கள் வரை அது பரவியிருக்கிறது.

இந்த முறை ஒரேயொரு ஆபத்துக்கு எதிரான காவல். ஒரு தட்டு பழுதடைந்தால் மற்றத் தட்டைக் கொண்டு வேலை தடையின்றி நடக்கும். அவ்வளவே. அந்த ஒரு காவலாவது உண்மையில் வேலை செய்கிறதா என்பதை அறிய ஒரே வழிதான் உண்டு. நல்ல நாளில், நாமே ஒரு தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அத்தகைய சோதனை ஒன்றை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இப்பகுதியின் சமூக நிறுவனமொன்று, தனது சேர்வரைப் பரிசோதிக்கும் வேளையில் உடனிருந்து குறிப்பெடுத்துத் தருமாறு கேட்டது. அலுவலகம் மூடியிருந்த ஒரு சனிக்கிழமை. லினக்ஸ் இயங்குதளம், ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள இரண்டு வன்தட்டுகள். காலையில் அனைத்துத் தரவுகளையும் வெளித் தட்டொன்றில் பிரதி எடுத்து அப்பால் வைத்த பின்னரே வேலையைத் தொடங்கினார்கள். சோதனையில் இறங்குவோர் அனைவரும் கைக்கொள்ள வேண்டிய முதல் ஒழுங்கு அது.

இயந்திரத்தை நிறுத்தி, முதலாவது தட்டைக் கழற்றி, மீண்டும் இயக்கினார்கள். இயந்திரம் எழவில்லை. இரண்டாவது தட்டில் தரவுகள் முழுமையாக இருந்தன. ஆனால் இயங்குதளத்தைத் தட்டியெழுப்பும் சிறு நிரல் முதலாவது தட்டில் மட்டுமே நிறுவப்பட்டிருந்தது. சொத்தெல்லாம் இரு அறைகளிலும் இருந்தும் வாசல் ஓர் அறைக்கு மட்டுமே வைத்திருந்ததற்கு ஒப்பானது அது. தொழில்நுட்பவியலாளரான இளைஞர் அரை மணித்தியாலத்தில் அதைச் சரிசெய்தார். இதே நிலை ஒரு வேலை நாளின் நடுவில், வாசலில் மக்கள் வரிசையில் நிற்கும்போது ஏற்பட்டிருந்தால் அந்த அரை மணித்தியாலம் எத்தனை நாளாகியிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

இரண்டாவது சோதனையாக, ஒற்றைத் தட்டுடன் இயந்திரத்தை ஓடவிட்டு, எச்சரிக்கை எவருக்காவது செல்கிறதா என்று பார்த்தார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் உரிய வேளையில் சென்றது. சென்று சேர்ந்த முகவரியோ, வேலையை விட்டுக் கத்தாருக்குப் போய்விட்ட முன்னாள் ஊழியருடையது! லினக்ஸ் இயங்குதளம் தட்டுகளின் நிலையை இரண்டு ‘யூ’ எழுத்துகளாகக் காட்டும். ஒன்று விழுந்துவிட்டால் அந்த எழுத்தின் இடத்தில் ஓர் அடிக்கோடு தோன்றும். விண்டோஸ் சேர்வரில், ‘ஹெல்த்தி’ என்றிருந்த சொல் ‘ஃபெயில்ட் ரிடண்டன்சி’ என மாறும். எங்கோ ஒரு திரையில் தோன்றும் இந்தச் சிறு மாற்றத்தைப் பார்க்க ஆளில்லையெனில், இரட்டைத் தட்டு ஒற்றைத் தட்டாகிப் பல மாதங்கள் சென்ற பின்னரும் அலுவலகம் வழமைபோல் இயங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி முறையின் சிறப்பே அதன் ஆபத்தும் ஆகும். பழுது நேர்ந்ததைப் பயனாளர் உணராதபடி அது மறைத்துவிடுகிறது.

மூன்றாவதாக, கழற்றிய தட்டை மீண்டும் பொருத்தினார்கள். அது தானாகச் சேர்ந்துகொள்ளவில்லை. கட்டளையிட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் முழுத் தட்டும் மீண்டும் பிரதியாகத் தொடங்கியது. விநாடிக்கு நூறு மெகாபைட் என்னும் வேகத்தில் ஒரு டெராபைட் நிறைவடைய ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அந்த மூன்று மணித்தியாலமும் நிறுவனத்தின் முழு வாழ்வும் ஒரேயொரு தட்டில்தான் தங்கியிருக்கிறது. அதுவும், அத்தட்டின் ஒவ்வொரு மூலையும் வாசிக்கப்படும் கடும் வேலை நடக்கும் வேளையில்!

இங்கே சில ஆய்வு முடிவுகளைக் கூறுவது பயன்தரும். ‘ரெயிட்’ கட்டுரையை எழுதிய மூவருள் ஒருவரான கார்த் கிப்சனும், பியான்கா ஷ்ரோடரும் 2007ஆம் ஆண்டில், சுமார் ஒரு இலட்சம் வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். தயாரிப்பாளர்களின் விவரத்தாள்களின்படி ஆண்டுக்கு 0.88 வீதத்துக்கு மேல் பழுதாகக் கூடாத தட்டுகள், நடைமுறையில் பெரும்பாலும் 2 முதல் 4 வீதம் வரையும், சில இடங்களில் 13 வீதம் வரையும் மாற்றப்பட்டிருந்தன. ஒரு பழுதைத் தொடர்ந்து இன்னொன்று நேரும் போக்கும் அதில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்தபோது, பழுதடைந்தவற்றுள் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானவை, தட்டு தானே தரும் முன்னறிகுறிகளுள் எதனையும் காட்டியிருக்கவில்லை. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய இரண்டு தட்டுகள் ஒரே வெப்பத்தையும் ஒரே மின்வெட்டையும் அனுபவித்துச் சேர்ந்தே முதுமையடைகின்றன. இரட்டைப் பிள்ளைகள் ஒரே நாளில் காய்ச்சலில் விழுவதில் வியப்பென்ன?

எங்கள் கரையோரத்தின் நிலைமை இதனை மேலும் கடினமாக்குகிறது. உப்புக் காற்று உலோகத்தை அரிக்கிறது. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால், ஒரு தட்டில் எழுதப்பட்டு மற்றதில் எழுதப்படாத துண்டுகள் மிஞ்சக்கூடும். பின்னர் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு உண்டு என்று இயங்குதளம் கூறும். எது சரியானது என்று கூறச் சாதாரணக் கண்ணாடி முறைக்குத் தெரியாது. முரண்படும் இரண்டு சாட்சிகளை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க முயலும் நீதவானின் நிலை அதற்கு. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கூடவே எழுதி வைக்கும் ‘இசட்.எப்.எஸ்.’ போன்ற கோப்பு முறைகள் இந்த இடத்தில் மூன்றாவது சாட்சியாகின்றன. டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தட்டுகளை முழுமையாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு நீண்டகாலமாகவே உண்டு. ஆனால் ஞாயிறன்று இயந்திரத்தை அணைத்து வைக்கும் அலுவலகத்தில் அந்த ஏற்பாட்டால் என்ன பயன்?

நான்காவது சோதனை மிக எளியது. ஒரு கோப்புறையை வேண்டுமென்றே அழித்தார்கள். அது இரண்டு தட்டுகளிலிருந்தும் ஒரே கணத்தில் மறைந்தது. நிறுவனத்தின் செயலாளர் திகைத்துப்போனார். “இரண்டில் இருந்ததே!” என்றார். கண்ணாடியின் முன்னால் நிற்பவர் போய்விட்டால் கண்ணாடிக்குள் இருப்பவர் மட்டும் எப்படி நிற்பார்? சரியானதைப் பிரதி செய்யும் அதே விசுவாசத்துடன் தவறையும் அது பிரதி செய்யும். கண்ணாடிப் பிரதி வேறு, காப்புப் பிரதி வேறு என்பதை அன்று அவர் விளங்கிக்கொண்ட அளவுக்கு எந்தப் பயிற்சிப் பட்டறையும் விளக்கியிருக்காது. காலையில் எடுத்த பிரதியிலிருந்து அக்கோப்புறை மீட்கப்பட்டது. அதற்கு முந்திய காப்புப் பிரதியோ எட்டு மாதம் பழையது.

சிறு நிறுவனங்களின் கதை இது என்று எண்ணிவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் நச்சு நிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். கட்டமைப்பு 12 மணித்தியாலங்களுக்குள் மீள இயங்கத் தொடங்கியபோதிலும், மே 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காரணம் எளியது. காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அது அதே வலைப்பின்னலில் இணைந்திருந்தமையால் மூலத்துடன் சேர்ந்து அதுவும் பூட்டப்பட்டது. இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. நாளாந்தம் இணைப்பற்ற பிரதி எடுக்கும் நடைமுறை அதன் பின்னரே அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றரை மாத அரச கடிதப் போக்குவரத்து, ஒரு வெற்று நம்பிக்கைக்குக் கொடுக்கப்பட்ட விலை.

வளர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2017 ஜனவரி 31இல் ‘கிட்லேப்’ என்னும் உலகறிந்த மென்பொருள் நிறுவனத்தில் பொறியியலாளர் ஒருவர் தவறான இயந்திரத்தில் கட்டளையிட்டுத் தரவுத்தளத்தை அழித்தார். அந்நிறுவனம் ஐந்து வகையான பிரதி ஏற்பாடுகளை வைத்திருந்தது. அவற்றுள் ஒன்றேனும் நம்பத்தகுந்தவாறு இயங்கவில்லை என்பது அன்றிரவுதான் தெரியவந்தது. ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. 2025 செப்டெம்பர் 26இல் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலம் தீப்பற்றியதில், அரச உத்தியோகத்தர்கள் ஆவணங்களைச் சேமித்து வந்த 858 டெராபைட் களஞ்சியம் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை என்று விளக்கம் கூறப்பட்டது. எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த விளக்கம் மறந்துவிட்டது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் நொத்தாரிசுமார் காலங்காலமாகப் பின்பற்றும் ஒழுங்கு. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு காணி உறுதி எழுதப்பட்டால் ஒரு பிரதி உரியவரிடம் செல்லும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். முந்திய மாதத்து உறுதிகளின் இணைப்பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. மூன்று பிரதி, மூன்று கூரை, மாதந்தோறும் ஒரு தவணை. இன்றைய கணினி நிபுணர்கள், மூன்று பிரதி வேண்டும், அவை இருவகை ஊடகங்களில் இருக்க வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்னும் விதியாகப் போதிப்பதை, மை தொட்டு எழுதிய காலத்திலேயே சட்டம் கட்டாயமாக்கியிருந்தது.

அந்த ஒழுங்கின் பெறுமதியை 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின்னர் எங்கள் கரையோரம் அறிந்தது. இலங்கையில் ஆழிப்பேரலை அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேயே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு அலுமாரிகளும், அலுமாரிகளோடு உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் போயின. அடையாள அட்டைப் பிரதியையும் காணி உறுதியின் பிரதியையும் அதே அலுமாரியின் அதே தட்டில் வைத்திருந்தவருக்கு இரண்டும் போயின. வேறோர் ஊரின் பதிவேட்டில் இணைப்பிரதி இருந்தவருக்கு, அதனைக் காட்டித் தன் காணி தன்னுடையதே என்று நிறுவ வழியிருந்தது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வன்தட்டுகள், ஒரே அலுமாரிக்குள் இருந்த அந்த இரண்டு தாள்களுக்கு எவ்வகையில் வேறானவை?

சோதித்தல் என்னும் பழக்கமும் எமக்குப் புதிதன்று. ரமழான் இரவுகளில் எங்கள் பள்ளிவாசல்களில், குர்ஆனை மனனமிட்ட ஹாபிழ் முன்னின்று ஓதுவார். பின்வரிசையில் இன்னொரு ஹாபிழ் செவிமடுத்து நிற்பார். ஓரெழுத்துப் பிசகினாலும் உடனே எடுத்துக் கொடுப்பார். மனனம் முடிந்துவிட்டது என்று எவரும் அதனை உறங்கவிடுவதில்லை. ஆண்டுதோறும் முழுமையாக ஓதி, இன்னொருவரின் காதால் சரிபார்க்கப்படுகிறது. இத்தகைய வழக்கத்தைக் கொண்ட ஊர்கள், தங்கள் ஆவணங்களின் பிரதியை மட்டும் ஏன் ஒருமுறையேனும் திறந்து பார்ப்பதில்லை?

இதற்கான விடை தொழில்நுட்பத்தில் இல்லை என்பதே எனது கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் ஒரு தட்டைக் கழற்றி, அது நின்றுவிட்டால், பழி கழற்றியவர் மீது விழும். எவரும் தொடாமல் தானாக அது நின்றுவிட்டால், விதி என்று சொல்லிவிடலாம். சோதிப்பவருக்குத் தண்டனை, சோதிக்காதவருக்கு அனுதாபம் என்னும் இந்த ஏற்பாடு நிலவும்வரை எந்த இளம் ஊழியரும் துணிந்து கைவைக்கமாட்டார். அவரைக் கோழை என்று குறைகூற என்னால் இயலாது. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. பழியைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ள வேண்டியவர் நிறுவனத் தலைவர்.

ஆகவே எனது கோரிக்கை நிறுவனங்களின் தலைவர்களை நோக்கியதே. பிரதேச செயலகமாயினும், பாடசாலையாயினும், சங்கமாயினும், ஆண்டுக்கு இரண்டு நாள்களைச் சோதனை நாள்களாக எழுத்தில் அறிவியுங்கள். அன்று வெளிப் பிரதி ஒன்றை எடுத்த பின்னர், முதலில் ஒரு தட்டையும், அதனைச் சேர்த்து முடித்த பின் மற்றதையும் கழற்றி, இயந்திரம் எழுகிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை உயிரோடிருக்கும் ஒரு கைபேசிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பையேனும் வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து வாசியுங்கள். கண்டறிந்த குறைகளைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுங்கள். குறையைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி கூறுங்கள்.

பணமில்லை என்பது அடுத்த மறுப்பு. சோதனைக்குப் பணம் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை தேவை. இணைப்பற்ற பிரதிக்கு இரண்டு வெளித் தட்டுகள் போதும். ஒன்று அலுவலகத்தில் இருக்கும் வாரம் மற்றது வேறிடத்தில் இருக்கட்டும். அந்த ‘வேறிடம்’ அடுத்த வீதியில் இருக்கும் உறவினர் வீடாக இருக்கலாகாது. கடலுக்கும் கல்முனைக்கும் உள்ள தூரத்தை நாம் ஒருமுறை அளந்துவிட்டோம். அம்பாறை நகரோ கண்டியோ, கரையிலிருந்து விலகிய ஓரிடமாக இருக்கட்டும். பிறருடைய அந்தரங்கம் அதில் இருப்பதால் பூட்டுச் சொல்லிட்டு வையுங்கள். அந்தச் சொல்லை ஒருவர் மட்டும் அறிந்திருப்பதும் ஒற்றைத் தட்டுக்குச் சமம் என்பதை மறவாதீர்கள்.

இறுதியாக, இலண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருந்து இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பாடசாலைக்கும் நூலகத்துக்கும் நீங்கள் கணினி வாங்கிக் கொடுக்கிறீர்கள். பற்றுச்சீட்டும் படமும் உங்களுக்கு வந்து சேர்கின்றன. அடுத்த முறை பற்றுச்சீட்டுடன் இன்னொன்றையும் கேளுங்கள். “கடைசியாக எந்தத் திகதியில் தட்டைக் கழற்றிப் பார்த்தீர்கள்? கடைசியாக எந்தக் கோப்பை மீட்டுத் திறந்தீர்கள்?” திகதி ஒன்று பதிலாக வந்தால் உங்கள் பணம் உரிய இடத்தில் இருக்கிறது. “அழியாது, இரண்டில் விழுகிறது” என்று பதில் வந்தால், இன்னுமொரு கணினிக்குப் பணம் அனுப்புமுன் ஒரு சோதனை நாளைக் குறிக்கச் சொல்லுங்கள்.